வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: மாசமாக இருக்கும்போது மூத்த பிள்ளையைத் தூக்கலாமா?

நான் மும்பையில் சயான் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். தாராவி, ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். இரண்டாவது உண்டாகி, கையில் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவனைத் தூக்கலாமா அக்கா?" ஊரிலிருந்து அம்மா போன் போட்டு "தூக்காதேடி" என்கிறார். வீட்டில் வேறு ஒன்று சொல்கிறார்கள். பிள்ளையோ காலைக் கட்டிக்கொண்டு கையை நீட்டி நிற்கிறது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டே கால் வயது வித்தியாசம். அந்தக் கை நீட்டல் எனக்கும் தெரியும். அடிக்கடி கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், தூக்கலாமா கூடாதா?

தூக்கலாம். கர்ப்பத்தில் சிக்கல் எதுவும் இல்லை, டாக்டரும் தடுக்கவில்லை என்றால், தினமும் தூக்கிப் பழகிய பிள்ளையைத் தொடர்ந்து தூக்கலாம். மாதம் ஏற ஏற எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதைக் குறைக்க வேண்டும், தூக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு முக்கால்வாசி நேரம் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொண்டாலே போதும்.

எத்தனை கிலோ வரை தூக்கலாம்?

2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், வேலை செய்யும் இடத்தில் கர்ப்பிணிகள் எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எப்போதாவது ஒருமுறை, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதாக இருந்தால், முதல் 20 வாரம் வரை சுமார் 16 கிலோ, அதற்குப் பிறகு சுமார் 12 கிலோ. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தூக்குவதாக இருந்தால் இரண்டுமே பாதியாகிவிடும். கெண்டைக்காலுக்குக் கீழே, தரையில் கிடப்பதைக் குனிந்து எடுக்க வேண்டாம், தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பையனின் நடுத்தர எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ. மூன்று வயதில் 14 கிலோவை ஒட்டி வந்துவிடும். அதாவது நாள் முழுக்கத் தூக்காமல் அவ்வப்போது மட்டும் என்றால், இரண்டு வயதுப் பிள்ளையை ஐந்தாம் மாதம் வரை கவலை இல்லாமல் தூக்கலாம். அதற்குப் பிறகு அதே பிள்ளை எல்லைக் கோட்டில் நிற்கிறது. பிள்ளை என்பது அசையாத பெட்டி கிடையாது, திமிறும், பின்னால் வளையும். அதனால் கணக்கில் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதார இங்கே சொல்ல வேண்டும். "பிள்ளையைத் தூக்காதே" என்று சொல்கிற அதே வீட்டில், காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் டிரம்மை நிரப்புவது யார்? பெரும்பாலும் இந்தக் கர்ப்பிணிதான். 15 லிட்டர் பக்கெட் நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல். அதைத் தரையிலிருந்து, ஒரு கையால், உடம்பைச் சாய்த்து, ஈரத் தரையில் தூக்குகிறோம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதைவிட இதுதான் இடுப்புக்குக் கெடுதல். சமையல் கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். அதை நகர்த்தக்கூட வேண்டாம். ஒரு நாளில் உங்கள் முதுகு தாங்கும் சுமைக்கு ஒரு அளவு உண்டு. அதைப் பக்கெட்டுக்குக் கொடுக்காமல் பிள்ளைக்குக் கொடுங்கள். தண்ணீரை வீட்டில் மற்றவர்கள் பிடிக்கட்டும்.

முதல் மூன்று மாதத்தில் தூக்கினால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

பிள்ளையைத் தூக்குவதால் கலையாது. ஆரம்ப மாதங்களில் கலைகிற கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு, கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். கருத்தரித்த நேரத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம் அது. சுமார் 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. நாள் முழுக்கப் பெரும் பாரம் தூக்கும் வேலை செய்கிற பெண்களிடம் ஆபத்து சற்றே கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அழுகிற பிள்ளையை எடுத்து அணைப்பது அந்தக் கணக்கில் வராது.

ஒரு பெண் என்னிடம் முதுகுவலிக்காக வந்தார். பேச்சோடு பேச்சாக, முந்தைய வருஷம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்ததைச் சொன்னார். அதற்கு முந்தைய நாள் மழையில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் மகளைத் தூக்கவே இல்லை. மூன்று வயதுப் பெண், அறை மூலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்று சிகிச்சையை அப்புறம் வைத்துவிட்டு, இதைத்தான் முதலில் விளக்கினேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படியொரு பழியைச் சுமந்துகொண்டிருந்தால், தயவுசெய்து இறக்கி வையுங்கள். நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை.

சரி, எப்படித் தூக்க வேண்டும்?

முதலில், ஏன் முறை மாற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னால் வரவர உடம்பின் நிலையும் முன்னால் சாய, அதைச் சரிக்கட்ட கீழ்முதுகு உள்ளே வளைகிறது. வயிற்றுத் தசைகள் இழுபட்டு, முதுகுக்குத் துணை கொடுப்பது குறைகிறது. போன வருஷம் சாதாரணமாகக் குனிந்து அள்ளிய அதே பிள்ளை இப்போது முதுகைப் பிடிப்பது இதனால்தான்.

தரையில் நிற்கும் பிள்ளையின் அருகே போங்கள், ஒட்டிப் போங்கள். ஒரு காலை முன்னால் வைத்து, மற்ற காலின் முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். இப்போது உங்கள் முகமும் பிள்ளையின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். "வா, கழுத்தைக் கட்டிக்கோ" என்று சொல்லி, பிள்ளையை முன்னால் மடக்கியிருக்கும் தொடை மேல் ஏறி உட்கார வையுங்கள். ஒரு கை அதன் பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வாய் வழியாக மூச்சை விட்டபடியே, தொடையின் பலத்தில் எழுந்திருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டித் தூக்காதீர்கள். அது அடிவயிற்றையும் கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளையும் கீழே தள்ளும். பக்கத்தில் சுவரோ கட்டிலோ இருந்தால் ஒரு கையை அதில் ஊன்றிக்கொள்ளலாம்.

எழுந்த பிறகு திரும்ப வேண்டுமென்றால் பாதத்தோடு திரும்புங்கள். காலை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் முறுக்குவதுதான் பிடிப்பில் கொண்டுபோய் விடும். என் இரண்டாவது கர்ப்பத்தில், ஆறாம் மாதம், கட்டிலில் இருந்த மகனை அவசரத்தில் பக்கவாட்டில் எட்டி எடுத்தேன். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். நாலு நாள் புரண்டு படுக்க முடியவில்லை.

எழும்போது வயிற்றின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு மேடு தள்ளுகிறதா என்று குனிந்து பாருங்கள். நடுவயிற்றுத் தசைகள் பிரிந்து நிற்பதற்கான அடையாளம் அது. அப்படித் தெரிந்தால் அந்த எடை, அந்த விதம் உங்களுக்கு இப்போது அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் உட்கார வைத்தே வேலை செய்து பழகிவிட்டேனே?

நம் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். இடது இடுப்பில் பிள்ளை, வலது கையில் கரண்டி. மாசமாக இருக்கும்போது பல நிமிடங்கள் அப்படி நின்றால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், தளர்ந்த மூட்டுகளில் ஒரு பக்கமே பாரம் விழும். படுக்கையில் புரளும்போது, படியேறும்போது, ஒற்றைக் காலில் நின்று சல்வார் போடும்போது முன் இடுப்பெலும்பிலோ பின்னால் பிட்டத்துக்கு மேலேயோ சுருக்கென்று வலித்தால் முதலில் இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்தச் சொல்வேன். வலி இல்லாதவர்களும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்கம் மாற்றுங்கள். சமையல் மேடைக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளையைத் தரையில் விட்டு, கையில் இரண்டு கிண்ணமும் ஒரு கரண்டியும் கொடுங்கள்.

தூளியில் தூங்கும் பிள்ளையை எடுத்துப் படுக்க வைக்கலாமா?

தூளி தரையிலிருந்து அரை அடி உயரத்தில்தான் தொங்கும். தூங்கும் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, துணியோடு சேர்ந்து தொய்ந்து கனக்கும். கர்ப்பிணிக்கு இதைவிட மோசமான தூக்கல் கிடையாது. பிள்ளையைத் தூளியிலேயே விட்டுவிடுங்கள், வீட்டுக்காரர் வந்து எடுக்கட்டும். இல்லையென்றால் ஐந்தாம் மாதத்திலிருந்தே பாயில் பக்கத்தில் படுக்க வைத்துத் தட்டித் தூங்க வைக்கப் பழக்குங்கள். குளிப்பாட்டுவதும் இப்படித்தான்: மோரியில் (குளிக்கும் மூலையில்) குனிந்து நின்று வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஊற்றுங்கள். சோப்புக் கையோடு தூக்கவே வேண்டாம்.

நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியில் தூக்கிக்கொண்டு ஏறலாமா?

இந்தக் கேள்வியில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். பாரத்தைவிட எனக்குப் பயம் விழுவதில்தான். ஆறாம் மாதத்துக்கு மேல் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. பிள்ளையையும் முன்னால் வைத்துக்கொண்டால் அடுத்த படியும் தெரியாது. மும்பையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பழைய பில்டிங் படிகளில் ஈரம் காயாது, நனைந்த செருப்பு வழுக்கும். விழுந்தால் வயிற்றில் நேரடியாக அடிபடும், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியக்கூட வாய்ப்புண்டு.

அதனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளை நடந்தே ஏறட்டும், நடந்தே இறங்கட்டும். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் பிள்ளையின் கை. ஏறும்போது பிள்ளை உங்களுக்கு ஒரு படி முன்னால், இறங்கும்போது உங்கள் பக்கத்தில் சுவர் ஓரமாக. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாலு மாடி ஏறப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் வைத்தே கிளம்புங்கள். காய்கறிப் பையைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள், யாராவது கொண்டு வருவார்கள். நடுப்படியில் உட்கார்ந்து அடம்பிடித்தால் நீங்களும் உட்காருங்கள். பக்கத்து வீட்டு மராத்தி ஆஜியோ (பாட்டியோ) குஜராத்தி அண்ணியோ கதவைத் திறந்து கை கொடுப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள்.

லோக்கல் ரயிலில் பிள்ளையோடு போகலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாது என்றால் கூட்ட நேரம் வேண்டாம். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கர்ப்பிணிகளும் ஏறலாம். பலருக்கு இது தெரியாமல் லேடீஸ் பெட்டியில் இடிபட்டுக்கொண்டு போகிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி ஏறுவது, ரயில் நிற்கும் முன்பே இறங்கத் தயாராக வாசலில் தொங்குவது இரண்டும் கூடவே கூடாது. ஆட்டோவில் நீங்கள் முதலில் உட்காருங்கள், பிறகு பிள்ளை ஏறட்டும்.

கையை மேலே தூக்கினால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளுமா?

சுற்றாது. குழந்தை பனிக்குட நீரில் புரள்வதால் சுற்றுவது அது. பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 20 முதல் 30 பேருக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது.

தூக்கும்போது வயிற்றில் உதைக்கிறான்...

சின்னக் கால் படுவதைப் பனிக்குட நீரும் கர்ப்பப்பையின் தடித்த சுவரும் தாங்கிவிடும். ஆனால் கட்டிலிலிருந்து வயிற்றின் மேல் குதித்தது போலப் பலமான அடி என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

யார் தூக்கவே கூடாது?

நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பவாயை மூடியிருப்பவர்கள், கர்ப்பவாயில் தையல் போட்டவர்கள் அல்லது கர்ப்பவாயின் நீளம் குறைந்துவிட்டது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், இந்த முறை ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், முந்தைய பிரசவம் நாள் நிறையாமல் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள். இவர்கள் என் பேச்சையோ பக்கத்து வீட்டுப் பேச்சையோ கேட்க வேண்டாம், தங்கள் டாக்டரிடம் "என் பிள்ளை இத்தனை கிலோ, ஒரு நாளைக்கு இத்தனை தடவை தூக்குகிறேன்" என்று எண்ணோடு சொல்லிக் கேட்க வேண்டும். "வெயிட் தூக்காதீங்க" என்ற பொதுவான பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். முதல் பிரசவம் சிசேரியன் என்பது மட்டுமே தூக்கக் கூடாததற்குக் காரணமாகாது. ஆனால் இடைவெளி குறைவாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

ரத்தசோகையையும் இங்கே சேர்க்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருக்கும் பெண், குந்தியிருந்து பிள்ளையோடு சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அப்படி வருகிறவர்கள் நின்றுகொண்டு தூக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

என்ன தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, வயிறு விட்டு விட்டு இறுகி வலிப்பது, மயக்கம், கடுமையான தலைவலி, ஏழாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றுவது. இவற்றுக்கு நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். மகாராஷ்டிராவில் ஆம்புலன்ஸுக்கு 108. அடிவயிற்று ஓரத்தில், எழும்போதோ திரும்பும்போதோ சில விநாடி மட்டும் சுரீரென்று இழுத்து விடுவது கர்ப்பப்பையைத் தாங்கும் நார் இழுபடும் வலி. அதற்குப் பயப்பட வேண்டாம், மெதுவாக எழுங்கள்.

"நாங்க எல்லாம் தண்ணிக்குடம் தூக்கினோம்" என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?

அவர் சொல்வது உண்மைதான். குடத்தையும் தூக்கினார், பிள்ளையையும் தூக்கினார். ஆனால் அவர் காலத்தில் கூட்டுக்குடும்பம், பிள்ளையை வாங்க நாலு கை இருந்தது. நீங்கள் இருப்பது பத்துக்குப் பத்து அறையில், வீட்டுக்காரர் காலை ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். என்னிடம் வரும் மாமியார்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: "உங்களுக்கு இடுப்புவலி எப்பம்மா ஆரம்பிச்சது?" பலரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டாவது பிறந்த பிறகுதான்" என்பார்கள். அதற்குப் பிறகு அவர்களே மருமகள் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள்.

தூக்காவிட்டால் தேம்பித் தேம்பி அழுகிறான். மனசு கேட்கவில்லை.

கேட்காது. கேட்கவும் வேண்டாம். வயிற்றில் இன்னொன்று வந்தால் மூத்தது சிணுங்கும் என்பார்கள் ஊரில். அம்மாவின் உடம்பு மாறுகிறது, மடி சுருங்குகிறது, அதைத்தான் பிள்ளை உணர்கிறது. அதற்கு வேண்டியது உயரம் கிடையாது, அம்மாவின் உடம்புச் சூடு. அதை உட்கார்ந்தும் கொடுக்கலாம்.

வீட்டில் ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். சோபா, கட்டில் விளிம்பு, முதுகு சாய ஒரு நாற்காலி, எதுவானாலும் சரி. அதன் கீழே உறுதியான ஒரு சின்னப் பலகை. பிள்ளை கை நீட்டியதும் "அம்மா உட்கார்றேன், நீ ஏறி வா" என்று சொல்லிப் போய் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அழும். பிறகு நீங்கள் அந்தப் பக்கம் நடந்தாலே ஓடி வந்து பலகையில் ஏறி நிற்கும். என் மகன் அந்த மணைப்பலகையை வீடு முழுக்க இழுத்துக்கொண்டே திரிந்தான். நான் எங்கே உட்கார்ந்தாலும் டொக் என்று கொண்டுவந்து என் காலடியில் போடுவான்.

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: "வயித்துல பாப்பா இருக்கு, அதனால உன்னைத் தூக்க முடியாது." பிறக்காத குழந்தை மேல் அன்றைக்கே வருத்தம் விழும். "அம்மாவுக்குக் கால் வலிக்குது" என்று சொன்னால் போதும், பொய்யும் கிடையாது. வெளியில் தூக்க வேண்டிய நேரமெல்லாம் அப்பாவுக்கு என்று இப்போதே பழக்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு மாற்றினால் தம்பியால்தான் மாறியது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

வயிற்றுக்குக் கட்டும் பெல்ட் போட்டால் தூக்கலாமா?

சிலருக்கு வலி குறையும், நடக்கும்போதும் நிற்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கும் எடையைக் கூட்டுவதற்கு அது அனுமதி கிடையாது.

நான் வேலைக்குப் போகிறேன். விடுமுறையை எப்படி வைத்துக்கொள்வது?

மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முழுவதையும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதுதான் வழக்கம். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்து, இடுப்புவலியும் இருந்தால் இரண்டு மூன்று வாரமாவது முன்னால் எடுங்கள் என்பேன். பக்கத்தில் பால்வாடி இருந்தால் மூத்ததை ஆறாம் மாதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது மூத்ததைத் தூக்கலாம்?

சுகப்பிரசவம் என்றால் ரத்தப்போக்கும் தையலும் உடம்பும் எப்படி இருக்கிறது என்று பார்த்து, சில வாரத்தில் மெதுவாகத் தொடங்கலாம். சிசேரியன் என்றால் ஆறு வாரம் வரை கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். உட்கார்ந்து ஏறச் சொல்லிப் பழக்கியது இங்கேதான் கைகொடுக்கும்.

மூத்த பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும்போது கைக்குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் காலியாக வைத்திருங்கள். கட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கள். பிள்ளை தானாக ஏறி வரும்.